கைதட்டிச் சுனைக்குக் கொஞ்சம் மேலே...

வெள்ளியங்கிரி சீசன் தொடங்கிவிட்டது. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, தோளில் ஒரு பை, கையில் ஒரு செல் என்று ஜனங்கள் ஏறுகிறார்கள். எங்கள் தெருப் பையன்கள் நாலைந்து பேர் போன வாரம் கிளம்பினார்கள்.

"வழியிலே யாருக்காவது நெஞ்சு வலி வந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"108க்குப் போன் பண்ணுவோமுங்க சார்."

"எங்கே இருக்கீங்கன்னு கேட்பாங்களே?"

"கைதட்டிச் சுனைக்குக் கொஞ்சம் மேலேன்னு சொன்னாப் போச்சுங்க."

அந்தக் 'கொஞ்சம் மேலே' பற்றித்தான் இந்தப் பதிவு. ஒவ்வொரு சீசனிலும் மாரடைப்பு, மூச்சுத் திணறல் என்று அந்த மலையிலிருந்து ஒரு சாவுச் செய்தியாவது வருகிறது. பெரும்பாலானவர்கள் ஏறுவது ராத்திரியில். இருட்டில் எந்தச் சுனை, எந்தப் பாறை என்று முதல் தடவை வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

டெலிபோன் இலாகாவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. முதலாவது, செல்லில் தெரியும் கட்டங்களை நம்பாதீர்கள். டவர் உரக்கக் கத்துகிறது, அது நம் காதில் விழுகிறது என்பதுதான் அந்தக் கட்டங்களுக்கு அர்த்தம். நாம் பேசுவது டவருக்குக் கேட்கும் என்று அர்த்தமில்லை. டவரின் சக்தி பத்து, இருபது வாட் என்ற கணக்கில் இருக்கும். 4ஜி செல்லின் சக்தி அதிகபட்சம் 0.2 வாட். அதனால்தான் மலை உச்சியில் நாலு கட்டம் காட்டியும் கால் போகாமல் தவிக்கிறோம். போதாததற்கு, டவர்களின் ஆன்டெனாக்களை ஊரைப் பார்த்துக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் வைப்பார்கள். மலையில் இருக்கிறவனை நினைத்து யாரும் டவர் கட்டுவதில்லை.

இரண்டாவது, "போன் பண்ணினாலே அவங்களுக்கு இடம் தெரிஞ்சிடும்" என்ற நம்பிக்கை. சினிமா பார்த்து வந்தது இது. டவரை வைத்து மட்டும் கண்டுபிடிப்பதென்றால், பழைய 2ஜியில் டவருக்கும் செல்லுக்கும் உள்ள தூரத்தைச் சுமார் 550 மீட்டர் படிகளாகத்தான் அளக்க முடியும். அதுவும் தூரம் மட்டும், திசை தெரியாது. நகரத்தில் நாலு டவர் சேர்ந்து இடத்தைச் சுருக்கிவிடும். மலையில் கிடைப்பதே ஒரு டவர். அதுவும் மேற்குச் சரிவில் நின்றால் கேரள டவராக இருக்கலாம். அப்போது அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. எடுத்தவுடன் "கோயம்புத்தூர், வெள்ளியங்கிரி" என்று சொல்லிவிடுவது நல்லது.

ஐரோப்பாவில் இந்தப் பிரச்சினைக்கு வழி செய்திருக்கிறார்கள். அவசர எண்ணைக் கூப்பிட்டால் செல்லே தன் ஜிபிஎஸ் இடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும். 2022 மார்ச்சிலிருந்து அங்கே விற்கும் ஸ்மார்ட்போன்களில் இந்த வசதி கட்டாயம். நம் நாட்டிலும் 2018 முதல் விற்கும் செல்களில் ஜிபிஎஸ் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். போட்டதை முழுசாகப் பயன்படுத்துவதில்தான் நாம் எப்போதும் சுணக்கம்.

ஆனால் ஒரு நல்ல சேதி. ஜிபிஎஸ்ஸுக்கு டவரே வேண்டாம். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் அனுப்புவதை நம் செல் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வானம் தெரிந்தால் போதும். இன்டர்நெட் இல்லாவிட்டால் முதல் தடவை இடம் பிடிக்கச் சற்று நேரமாகும். மரத்தடியை விட்டு வெளியே வந்து பொறுமையாக நிற்க வேண்டும். மேப் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும் நீலப் புள்ளி வந்துவிடும். அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். நம் பக்கம் என்றால் முதலாவது 10 அல்லது 11 என்றும், இரண்டாவது 76 அல்லது 77 என்றும் தொடங்கும். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் சொன்னால் பத்துப் பதினொரு மீட்டருக்குள் ஆளைப் பிடித்துவிடலாம்.

அந்த எண்களை எஸ்எம்எஸ்ஸாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பேசுவதற்குச் சிக்னல் விடாமல் நிற்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்குச் சில நொடிகள் கிடைத்தால் போதும். 112ஐக் கூப்பிட்டால் உங்கள் கம்பெனி டவர் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனி டவர் வழியாக முயற்சி நடக்கும். சிக்னலே இல்லாத இடத்தில் செல்லை ஃபிளைட் மோடில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அது டவரைத் தேடித் தேடியே பாட்டரியைத் தின்றுவிடும்.

"சாட்டிலைட் போன் வாங்கிக்கலாமே?" என்று அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். அங்கே ஐபோனிலேயே அந்த வசதி 2022இலிருந்து இருக்கிறது. இங்கே அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும்; தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே மாட்டியிருக்கிறார்கள்.

இடம் தெரிந்துவிட்டால் மட்டும் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா பக்கம் ஒரு இளைஞர் பாறை இடுக்கில் சிக்கினார். செல்லில் தகவல் சொன்னார், போட்டோவும் அனுப்பினார். எங்கே இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஹெலிகாப்டர் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவத்தார் மேலிருந்து கயிற்றில் இறங்கி மீட்க நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடம் தெரிந்தவருக்கே இந்தக் கதி. தெரியாதவரைத் தேடும் நேரத்தையும் இதோடு கூட்டிப் பாருங்கள். நெஞ்சு வலிக்காரர் அத்தனை நேரம் தாங்க மாட்டார்.

மலையில் டவர் வைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. யானைக் காட்டுக்குள் டவரும் கரண்ட் கம்பியும் வேண்டாம் என்பேன் நான். டவர் வந்தாலும் பேசத்தான் முடியும். 'கொஞ்சம் மேலே' அப்படியேதான் இருக்கும். என் யோசனை செலவில்லாதது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாதையோரப் பாறைகளில் நூறு மீட்டருக்கு ஒன்று வீதம் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். டார்ச் பட்டால் மின்னும் பெயின்டில். ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய ஜிபிஎஸ் கணக்கை 108, 112, அடிவார வனத்துறைச் செக்போஸ்ட் மூன்றிலும் கொடுத்து வையுங்கள். எந்தெந்தப் பாறையில் சிக்னல் கிடைக்கிறதோ அங்கே கூடவே ஒரு போன் படம். படிக்காதவரும், பட்டன் போன் வைத்திருக்கிறவரும்கூட "முப்பத்தேழாம் நம்பர் கல்லு" என்று சொல்லிவிடுவார். ஜெர்மனியில் காட்டுப் பாதைகளில் இப்படி எண் போட்ட மீட்புப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் ரயில் பாதையோரக் கம்பங்களில் எண் இல்லையா? தண்டவாளத்தில் விரிசல் கண்டவன் 'அந்தப் புளியமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி' என்றா தகவல் சொல்கிறான்?

பாறையில் பெயின்ட் அடித்தால் காடு கெட்டுவிடும் என்று ஆட்சேபம் வரும். உள்ளங்கை அகல எண்தான். சீசன் முடிந்ததும் மலையிலிருந்து பொறுக்கிக் கொண்டுவரும் பிளாஸ்டிக் மூட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்கும் பெரிய ஆய்வு தேவையில்லை. பூண்டியில் டோலி தூக்குகிறவர்களை உட்காரவைத்து, எந்தெந்த இடத்திலிருந்து ஆட்களைத் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்கள். முதல் எண்களை அங்கே எழுதலாம்.