கூச்சம் யார் பூட்டிய விலங்கு?

மயிலையில் மாடவீதி உண்டு. தியாகராய நகரில் பனகல் பூங்கா உண்டு. அடையாற்றை அடுத்து எலியட்ஸ் கடற்கரை உண்டு. ஆயினும், வாய்திறக்கக் கூசும் இளைஞனும் நங்கையும் அச்சமின்றிப் பழக ஓரிடம் உண்டா? பிறவிக் கூச்சமாம்! பொய், தோழர்களே! பள்ளியிலே தனி வரிசை, பேருந்திலே தனிப் பக்கம், வீட்டிலே வேவு! இவை பூட்டிய விலங்கன்றோ அது?

வயதுவந்தோர் விரும்பிக் கூடும் விருந்தென்றால், "பண்பாடு பறிபோயிற்று" என அலறுகின்றனர். 2005-இல் திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி நடிகை குஷ்பு கருத்துரைத்தார், வழக்குகள் குவிந்தன. 2010-இல் உச்சநீதிமன்றம் அவற்றைத் தள்ளிற்று. மனைவியைக் கணவனின் உடைமையாக்கிய 497-ஆம் பிரிவும் 2018-இல் வீழ்ந்தது. சட்டம் நகர்ந்தது, சனாதனம் நகரவில்லை!

எனினும் ஒன்று. கூச்சமுடையோர் "வேண்டாம்" என்று சொல்லவும் தயங்குவர். அந்த மௌனத்தைச் சம்மதமென்று கொள்வதும், மதுவூற்றித் தயக்கத்தைக் கரைப்பதும் விடுதலையா? அல்ல; பழைய ஆதிக்கத்துக்குப் புதிய பட்டாடை! மறுக்கும் உரிமையில்லா மன்றத்திலே மகிழ்ச்சி ஏது?

பழகுவதால் கூச்சம் கலையட்டும். இசைவால் ஒழுக்கம் நிலைக்கட்டும்!