13-வது ரீசார்ஜ்: நம்ம நம்பருக்கு நாமே கட்டுற வாடகை

மாசச் செலவுகளைக் குறைக்கிறது பத்தின வீடியோவுக்குக் கீழ ஒருத்தர், "ப்ரோ, ரீசார்ஜ் எல்லாம் ஒரு செலவா? அதை ஏன் பட்ஜெட்ல எழுதணும்?"னு கேட்டிருந்தார். ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க அப்பாகிட்ட ரெண்டு சிம். வீட்டுல பழைய சிம்முக்கு டவர் சரியா கிடைக்கலன்னு புது சிம்முக்கு மாறிட்டார். பழைய நம்பருக்கு ரீசார்ஜ் பண்ற வேலை என்னோடது. "யாரு அதுல கூப்பிடுறாங்க"னு நானும் விட்டுட்டேன். சில மாசம் கழிச்சு அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு அப்பாவோட எஃப்டியை உடைக்க நெட் பேங்கிங் திறந்தேன். ஓடிபி பழைய நம்பருக்குப் போச்சு. அந்த நம்பருக்குக் கூப்பிட்டா, எடுத்தது யாரோ ஒரு பையன். "ராங் நம்பர் சார்." அவன் மேல தப்பே இல்லை, அந்த நம்பர் இப்போ அவனோடது.

அப்பா ரெண்டு தடவை பேங்குக்கு அலைஞ்சு ஃபார்ம் எழுதிக் கொடுத்து நம்பரை மாத்தினார். அதுவரைக்கும் ஆபரேஷன் பணத்தை என் கிரெடிட் கார்டுல கட்டினேன். இத்தனைக்கும் காரணம் நான் மிச்சம் பிடிச்ச ஒரு ரீசார்ஜ்.

போன் எப்போ சாவியாச்சு?

1995 ஜூலை 31. கொல்கத்தாவுல இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில இருந்த மத்திய அமைச்சர் சுக்ராம்கிட்ட பேசினார். இந்தியாவோட முதல் செல்போன் அழைப்பு அது. அந்தக் காலத்துல நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் ஆச்சு. நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கொடுக்கணும். 2003-ல இன்கமிங் இலவசமாச்சு, மிஸ்டு கால் கொடுத்தே பாதி ஊரு பேசிக்கிச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிஞ்சது.

"16 ரூபாய் எங்க, இன்னைக்கு அன்லிமிடெட் எங்க? இதுக்கு மேல என்ன குறை?"னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா அன்னைக்கு செல்போன் வேண்டாம்னா வேண்டாம், எதிர்ல எஸ்டிடி பூத் இருந்தது. இன்னைக்கு அப்படி விட முடியுமா? 2009-ல இருந்து ஆன்லைன்ல கார்டு போட்டா கூடுதல் சரிபார்ப்பு வேணும்னு ரிசர்வ் வங்கி கொண்டு வந்தது, நடைமுறையில அது ஓடிபி ஆச்சு. 2016-ல வந்த யுபிஐ, உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் போனாத்தான் போனையே ஏத்துக்கும். பேச வாங்கின நம்பர், நமக்கே தெரியாம பேங்க் லாக்கர் சாவியாயிடுச்சு. சாவிக்கு வாடகை கட்டாம இருக்க முடியாது. அதனால விலை ஏறினாலும் நம்மால சும்மா வெளியேற முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்க

28 நாள் பிளான் போட்டா வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். நமக்குச் சம்பளம் 12 தடவைதான் வருது! 2024 ஜூலையில ஜியோவோட 28 நாள், தினம் 1.5 ஜிபி பிளான் 239-ல இருந்து 299 ரூபாய் ஆச்சு. 60 ரூபாய்தானேன்னு தோணும். 299-ஐ 13-ஆல பெருக்கினா 3,887. நீங்க, அப்பா, அம்மா மூணு பேருக்கும் சேர்த்தா வருஷத்துக்கு 11,661 ரூபாய். இதுல அப்பா அம்மா அந்த டேட்டாவுல பாதியையாவது தொடுறாங்களா?

என் கருத்து இதுதான்: மிச்சம் பிடிக்கிறதா இருந்தா டேட்டாவுல பிடிங்க, நம்பர்ல பிடிக்காதீங்க. நாம பெரும்பாலும் தலைகீழா பண்றோம். தினம் 2 ஜிபி பிளானை யோசிக்காம போடுறோம், பேங்க்ல இணைச்ச பழைய நம்பரைச் சாக விடுறோம்.

என்ன பண்ணலாம்?

1. பேங்க், பிஎஃப், ஆதார், டீமேட், இன்சூரன்ஸ் எதுல எந்த நம்பர் இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அப்பா அம்மாவுக்கும் சேர்த்து.

2. நம்பரை விடறதா இருந்தா முதல்ல எல்லா இடத்துலயும் மாத்துங்க, அப்புறம் சிம்மை விடுங்க. வாட்ஸ்அப் கணக்கையும் மறக்காதீங்க. ரத்தான நம்பரைக் குறைஞ்சது 90 நாளைக்கு வேற யாருக்கும் தரமாட்டாங்க, அதுக்கப்புறம் தரலாம். 2023-ல இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பழைய தகவலைப் பாதுகாக்கிறது பழைய சந்தாதாரரோட பொறுப்புன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

3. வீட்டுல வைஃபை இருக்கிற பெரியவங்களுக்கு பேச்சு, எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளான் பாருங்க. அப்படி ஒரு பேக் கட்டாயம் இருக்கணும்னு டிராய் 2024 டிசம்பர்ல விதி கொண்டு வந்தது. வேலிடிட்டி 365 நாள் வரைக்கும் இருக்கலாம்.

4. ஓரமா கிடக்கிற ப்ரீபெய்டு சிம்ல மெயின் பேலன்ஸ் 20 ரூபாயாவது வையுங்க. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லைன்னாலும், அதைக் கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் நம்பரை வச்சிருக்கணும்னு டிராய் விதி இருக்கு. ஆனா இது நம்பரை மட்டும்தான் காப்பாத்தும். ஓடிபி வரணும்னா பேக் உயிரோட இருக்கணும்.

பேங்க் கணக்கோட இணைஞ்ச நம்பருக்கு, பேக் முடிஞ்சாலும் பேங்க் எஸ்எம்எஸ் மட்டுமாவது கொஞ்ச நாளைக்கு வர வழி செய்யணும்னு நான் நினைக்கிறேன். சாவியைக் கட்டாயமாக்கினவங்க, பூட்டு முன்னாடி ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிக்காம பார்த்துக்கணும் இல்லையா? அது வர்ற வரைக்கும் பொறுப்பு நம்மளோடதுதான்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது ஒரு கேள்வி கேளுங்க: "அப்பா, பேங்க்ல எந்த நம்பர் கொடுத்திருக்கீங்க?" வந்த பதிலை கமெண்ட்ல சொல்லுங்க.