கொழுப்பு குறையட்டும், தசை குறையலாகாது

சன்னிதிக்கு எதிரே நின்று தரிசிக்கும்வரை உடல் ஒத்துழைக்கிறது. பிராகாரத்தை வலம்வரத் தொடங்கியதும் முழங்கால் மறுக்கிறது. கோபுர வாசலின் உயர்ந்த படியைத் தாண்ட யாரேனும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. கீழே அமர்ந்தால் எழுந்திருக்க இயலவில்லை. இவற்றுக்கெல்லாம் முதுமையையே காரணம் காட்டுகிறோம். முதுமையோடு உடல் பருமனும் சேர்ந்தே பலருக்கு இந்த நிலையை உண்டாக்குகிறது. எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று ஆய்ந்து கண்டிருக்கின்றனர்.

உடல் நிறைக் குறியீட்டெண் 25-ஐ எட்டினாலே பருமன் என்பது நம் நாட்டவர்க்கு மருத்துவர்கள் கொண்டுள்ள அளவு. முதுமையில் முதுகு வளைந்து உயரம் குறைந்துவிடுவதால் அந்தக் கணக்கை மட்டும் நம்ப இயலாது. தையற்காரரின் அளவு நாடாவே நமக்குப் போதும். மூச்சை இயல்பாக வெளிவிட்ட பின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பவை எல்லை. அதைக் கடந்தால் வயிற்றினுள்ளே கொழுப்பு மிகுந்திருக்கிறதென்று கொள்ளலாம். நீரிழிவையும் இதயநோயையும் அழைத்து வருவது அந்தக் கொழுப்பே.

அதற்காக இளைஞரைப் போல் மெலிய வேண்டியதில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூட்டுவலியும் தணியத் தொடங்கும். 80 கிலோ எடையுள்ளவர் 4 முதல் 8 கிலோ வரை, சில மாதங்களில், நிதானமாகக் குறைத்தால் போதுமானது.

ஆனால், உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும். முதியவர்க்கு அது பெரும் நஷ்டம். போன தசையை அந்த வயதில் மீட்பது எளிதன்று. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த பருமனான 107 பேரை ஓராண்டு கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். உணவைக் குறைத்தவர்க்கும், உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்க்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியது. தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியோ முன்னவர்க்கு நூற்றுக்கு 5 பங்கும், பின்னவர்க்கு 3 பங்கும் குறைந்தது. எழுவது, நடப்பது, படியேறுவது முதலிய ஆற்றலில் பின்னவரே மிகுதியும் முன்னேறினர். ஆகவே காலை நடையோடு நின்றுவிடலாகாது. உறுதியான நாற்காலியைச் சுவரோரம் இட்டு, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமரலாம். முதலில் இயலாதவர் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதைச் செய்தால் தொடை வலுப்பெறும்.

தசைக்குப் புரதம் வேண்டும். நம் மரக்கறி உணவில் சோறும் இட்லியும் மிகுந்து, பருப்பு சாம்பாரின் அடியில் ஒளிந்துகொள்கிறது. முதியோர்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். நவராத்திரியில் மட்டும் நினைவுக்கு வரும் சுண்டலை ஆண்டு முழுவதும் மாலைச் சிற்றுண்டியாகக் கொண்டால் எத்துணை நலம்! கெட்டிப் பருப்பு, தயிர், பனீர் ஆகியவற்றைக் கூட்டி, சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி, விரதம். அரிசியை விலக்கி நெய் மிதக்கும் ரவை உப்புமாவும் கேசரியும் உண்டால் ஏகாதசியன்று எடை கூடுமேயன்றிக் குறையாது. மாறாக, நீரும் அருந்தாமல் கடுமையாக இருப்போர்க்கு வேறோர் ஆபத்து உண்டு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரும் உண்டு. விரதத்திற்கு முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டறிவது அவசியம். எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்குள் உள்ளோர்க்கே ஏகாதசி உபவாசம் என மரபே வரையறுத்து, இயலாதவர்க்குப் பாலும் பழமும் அனுமதித்திருக்கிறது.

எடை கூடுவதற்குத் தைராய்டு சுரப்புக் குறைவோ, உட்கொள்ளும் ஸ்டீராய்டு போன்ற மருந்தோ காரணமாகவும் இருக்கலாம். அதை முதலில் சோதித்தறிய வேண்டும். எந்த முயற்சியுமின்றித் தானே எடை குறைந்தால் மகிழ வேண்டாம். அதற்கும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றி இப்போது இல்லந்தோறும் பேச்சு. டிர்செபடைட், செமாகுளூடைட் என்னும் அவை எடைக் குறைப்புக்கென்றே 2025-இல் நம் நாட்டிற்கு வந்தன. குடலில் இயல்பாய்ச் சுரக்கும் ஹார்மோனைப் போல் செயற்பட்டு, பசியை அடக்கி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பலன் உண்மையே. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவையும் உண்மையே. முதியவர்க்கு அவற்றால் நீர்ச்சத்து எளிதில் குறையும். பசி அடங்கிப்போவதால் புரதமும் குறைந்து தசை மேலும் கரையக்கூடும். நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு எடை திரும்புகிறது. பேரன் இணையத்தில் வரவழைத்துத் தரும் மருந்தன்று இது. பித்தப்பைக் கல், கணைய அழற்சி முன்பு வந்திருந்தால் அதையும், கண் விழித்திரைப் பாதிப்பு இருந்தால் அதையும், இப்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச்சென்று, மருத்துவரிடம் காட்டிய பின்னரே இந்த ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.