ஒரே மதிப்பெண்ணுக்கு மூன்று கணக்கா?

பட்டப் படிப்பின் கடைசித் தேர்வு முடிவு வந்ததும் வீட்டில் மகிழ்ச்சி. மேற்படிப்புக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்ததும் குழப்பம். பெங்களூரிலும் கோலார் தங்க வயலிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு ஆண்டுதோறும் இதே நிலைதான். மதிப்பெண் பட்டியலில் இருப்பது 'சி.ஜி.பி.ஏ.' என்னும் சராசரித் தரப்புள்ளி. விண்ணப்பம் கேட்பதோ விழுக்காடு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எப்படி என்று கேட்டால், ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள்.

6.5 புள்ளி பெற்ற மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "பத்தால் பெருக்கு" என்பார் ஒருவர். 65 விழுக்காடு வரும். "9.5-ஆல் பெருக்கு" என்பார் இன்னொருவர், 61.75 வரும். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அட்டவணையோ 6.25 புள்ளிக்கு 55 விழுக்காடு, 6.75 புள்ளிக்கு 60 விழுக்காடு என்று சொல்கிறது. அதாவது, புள்ளியில் 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்க வேண்டும். கர்நாடகத்தின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தனது 2015-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்துக்கு இந்த முறையையே வகுத்தது. இதன்படி அதே மாணவருக்குக் கிடைப்பது 57.5 விழுக்காடுதான்.

முதுநிலைச் சேர்க்கைக்கு 60 விழுக்காடு கேட்கும் கல்வி நிலையங்கள் பல. அங்கே இந்த மாணவர் இரண்டு கணக்கில் உள்ளே. ஒரு கணக்கில் வெளியே! படித்த படிப்பு ஒன்று. எழுதிய தேர்வு ஒன்று. வாய்ப்பாடு மாறினால் வாழ்க்கையே மாறிவிடுகிறது.

9.5 என்ற எண் எங்கிருந்து வந்தது? மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்புக்காகச் சொன்னது அது. அந்தப் புள்ளி முறையே 2017-ஆம் ஆண்டுத் தேர்வோடு முடிந்துவிட்டது. அதைப் பட்டப் படிப்புக்குப் போடுவது தவறு. தெரியாமல் செய்தாலும், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் கிடைத்த இடம் கைநழுவிப் போகலாம்.

சராசரி காண்பதிலும் பிழை நேர்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' என்ற எடை உண்டு. 4 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும், 1 கிரெடிட் செய்முறையில் 10 புள்ளியும் பெற்றவரின் சராசரி 8 அன்று. நான்கு ஆறு இருபத்து நான்கு. அதனுடன் பத்தைக் கூட்டி, மொத்த கிரெடிட்டான ஐந்தால் வகுத்தால் 6.8. பருவங்களின் சராசரியைச் சேர்க்கும்போதும் இதே முறைதான்.

வெளிநாடு செல்ல விரும்புவோரின் சிக்கல் வேறு வகை. அமெரிக்காவில் புள்ளிக்கு உச்சம் 4. நம் 7.5-ஐ 0.4-ஆல் பெருக்கி 3 என்று தாமாகவே எழுதிவிடுகிறார்கள் சிலர். உங்கள் பல்கலைக்கழகம் தந்த அளவிலேயே எழுதுங்கள், மாற்ற வேண்டாம் என்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. ஜெர்மனியில் 1 என்பது உயர்ந்த மதிப்பெண். 4 என்பது தேர்ச்சியின் எல்லை. உச்சப் புள்ளி, தேர்ச்சிப் புள்ளி, பெற்ற புள்ளி மூன்றையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். 7.6 புள்ளி பெற்றவருக்குத் தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் 2.2 வரும், 5 என்றால் 2.44 ஆகிவிடும். ஆகவே தேர்ச்சிப் புள்ளி எது என்பது சான்றிதழில் தெளிவாக இருந்தாக வேண்டும்.

ஒரே வாய்ப்பாட்டை நாடு முழுவதற்கும் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். ஒரு பல்கலைக்கழகம் தாராளமாகப் புள்ளி தருகிறது. இன்னொன்று கையை இறுக்கிக்கொள்கிறது. அப்படியிருக்க ஒரே வாய்ப்பாடு நியாயமாகாது என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவரவர் வாய்ப்பாட்டை அவரவர் வெளிப்படையாகச் சொல்வதில் என்ன தடை? மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் இரண்டு வரி அச்சிட்டால் போதுமே!

படித்த பெற்றோரின் பிள்ளைகள் நான்கு பேரிடம் விசாரித்துக்கொள்வார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளை யாரிடம் கேட்கும்? கர்நாடகத்தில் பட்டம் பெற்றுத் தமிழ்நாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்களுக்கு இது இரட்டைச் சுமை. இரண்டு மாநிலத்துப் பட்டியல்களும் ஒரே மேசைக்கு வருகின்றன. தன் பல்கலைக்கழக விதிப்படி நேர்மையாக 57.5 என்று எழுதியவர் பின்தங்க, விதி அறியாமல் பத்தால் பெருக்கியவர் முந்துவது என்ன நீதி?

பல்கலைக்கழக மானியக் குழு இதில் தலையிட வேண்டும். மாற்று வாய்ப்பாட்டையும் தேர்ச்சிப் புள்ளியையும் மதிப்பெண் பட்டியலிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். விண்ணப்பப் படிவங்களில் சி.ஜி.பி.ஏ.யை உள்ளபடியே எழுத இடம் விட வேண்டும். மாற்றும் வேலையைச் சேர்க்கும் நிலையமே செய்துகொள்ளட்டும்.

அதுவரை மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நண்பர் சொன்ன கணக்கை நம்பாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைக் கேட்டு, அதை எழுத்தில் வாங்கி, விண்ணப்பத்துடன் இணையுங்கள். உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணைக் கணக்குப் பிழைக்குப் பலி கொடுக்கலாகாது.