சலுகை விலையில் சக்தி

கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்த கர்ணனுக்கு இந்திரன் பதிலுக்குத் தந்தது குறி தப்பாத சக்தி ஆயுதம். நிபந்தனை ஒன்றுதான்: ஒரே ஒரு முறைதான் வீசலாம். அர்ஜுனனுக்காகப் பத்திரப்படுத்தியதைக் கடோத்கஜன் மீது வீச வேண்டி வந்தது. கதை திசை மாறியது ஆயுதத்தின் பலத்தால் அல்ல, அந்த நிபந்தனையால்.

இந்தப் பழைய உண்மைக்கு அமெரிக்கர்கள் விலைப்பட்டியலே போட்டிருக்கிறார்கள். 1981-ல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் உருவாக்கிய 'சாம்பியன்ஸ்', மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம், பென்சில், பகடைகளுடன் ஆடும் சூப்பர் ஹீரோ ஆட்டம். ஒருவர் நடுவர்; கதையும் வில்லன்களும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு ஹீரோ. 1979-ல் வந்த 'வில்லன்ஸ் அண்ட் விஜிலன்டீஸ்' என்ற ஆட்டத்தில் பகடை விழுந்தபடிதான் சக்தி வாய்க்கும். சாம்பியன்ஸில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகள். வேண்டிய சக்தியை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

விலையில் சலுகையும் உண்டு. எதிரியைச் சுட்டெரிக்கும் கதிர் ஒன்று 12 பகடை அளவு சேதம் செய்ய வேண்டுமென்றால், பகடைக்கு 5 வீதம் 60 புள்ளி. அந்தக் கதிர் கைக்கோலில் இருந்துதான் புறப்படும், கோலை எதிரி சண்டையின் நடுவே பிடுங்கிவிட முடியும் என்று ஒப்புக்கொண்டால் அதற்கு மதிப்பு ஒன்று. அத்துடன் இன்னொரு ஒன்றைக் கூட்டி, வரும் இரண்டால் 60-ஐ வகுத்தால் விலை 30. சுலபத்தில் கழற்ற முடியாத கவச உடை என்றால் மதிப்பு அரைதான், விலை 40. உருமாறிய பிறகே வேலை செய்யும் என்றால் கால், விலை 48.

கோல் போதாதென்று, நாளுக்கு நான்கு முறைதான் சுடும் என்றும் எழுதிக்கொடுத்தால்? அதற்கும் மதிப்பு ஒன்று. மூன்றால் வகுக்க, விலை 20. இங்கேதான் கணக்கின் சாமர்த்தியம். முதல் குறை 30 புள்ளி மிச்சம் பிடித்தது. அதே மதிப்புள்ள இரண்டாவது, 10 மட்டுமே. மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் மிச்சம் வெறும் 5. குறைகளை எவ்வளவு அடுக்கினாலும் சக்தி இலவசமாகாது.

ஆனால் மனித மூளை சும்மா இருக்குமா? நியூயார்க் தெருக்களை விட்டு நகராத கதையில், 'என் சக்தி கடலுக்கடியில் வேலை செய்யாது' என்று எழுதிச் சலுகை கேட்கலாம். விதி இதில் கறார்: தடுக்காத தடைக்குத் தள்ளுபடி கிடையாது. அதே நிபந்தனை, நீர்மூழ்கிக் கப்பலில் நடக்கும் கதையில் நிஜமான குறை. ஆக, குறையின் மதிப்பு அட்டவணையில் மட்டும் இல்லை. ஆடப்போகும் கதையிலும் இருக்கிறது.

அதனால் பாரம் நடுவர் தலையில்தான் விழுகிறது. கோலுக்காகப் பாதி விலை தள்ளிக்கொடுத்தவர், வில்லன் ஒருவனாவது அதைப் பறிக்கும்படி கதையை அமைத்தாக வேண்டும். இல்லாவிட்டால், முழு விலை கொடுத்து வாங்கிய பக்கத்து நாற்காலிக்காரர் ஏமாந்தவராகிறார். அதற்காக வாராவாரம் பறித்தாலோ, கோல்காரர் மாலை முழுவதும் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க நேரும். இரண்டில் எது நடந்தாலும் கெடுவது ஆட்டம் மட்டுமல்ல, கூடி ஆடுகிற நண்பர்களின் நம்பிக்கையும்தான். தள்ளுபடி என்பது உண்மையில் கடன். அதை எப்போது, எவ்வளவு வசூலிப்பது என்ற நிதானத்தை எந்த அட்டவணையும் சொல்லித் தராது.

இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டவர்களும் உண்டு. ஸ்டீவ் கென்சன் வடிவமைத்து 2002-ல் வெளிவந்த 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' ஆட்டத்திலும் சக்தியை மலிவாக்கும் குறைகள் உண்டு. ஆனால் ஹீரோவின் ரகசியம், பகை, பயம் போன்ற தொல்லைகளுக்குப் பிந்தைய பதிப்புகள் முன்பணம் தருவதில்லை. தொல்லை கதைக்குள் வந்து ஹீரோவை உண்மையிலேயே மடக்கும்போதுதான் பரிசாக ஒரு ஹீரோ புள்ளி. பிற்பாடு ஆபத்தான நேரத்தில் அது கைகொடுக்கும். நடக்காத கஷ்டத்துக்குக் கூலி இல்லை. ஆட்டக்காரரே 'இன்றைக்கு என் பகைவன் வரட்டுமே' என்று ஆசைப்படத் தொடங்குவார்.

முன்கூட்டிக் கொடுத்தாலும் பிறகு கொடுத்தாலும் இரண்டு ஆட்டங்களும் ஒப்புக்கொள்வது ஒன்றையே. எதுவும் செய்ய முடிந்தவனிடம் 'இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்பதில் சுவாரஸ்யம் இல்லை. கோல் பறிபோனவனிடம் அதே கேள்வியைக் கேட்டால், மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.