சிரிப்பு யாருடைய உரிமை? மேடை நகைச்சுவையும் சாதியும் சட்டமும்

மேடை நகைச்சுவையாளராக வரத் துடிப்பவர்களைப் பற்றிய திரைப்படங்களுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. 1988இல் வெளிவந்த 'பஞ்ச்லைன்' என்னும் ஹாலிவுட் படத்தில் டாம் ஹாங்க்ஸ் ஏற்ற மருத்துவ மாணவரும் சாலி ஃபீல்ட் ஏற்ற இல்லத்தரசியும் தம் வாழ்வின் சிக்கல்களையே வேடிக்கையாக்கி ஒலிவாங்கியின் முன் நிற்கின்றனர். திறமையும் துணிவும் இருந்தால் மேடை கிடைத்துவிடும் என்பது இத்தகைய கதைகளின் அடிப்படை நம்பிக்கை. இந்தியாவில் அந்த நம்பிக்கை இரண்டு கேள்விகளில் தட்டுப்பட்டு நிற்கிறது. மேடைக்கு யார் ஏறுகிறார்? சிரிப்பு யார் மீது விழுகிறது?

காவிரிக் கடைமடைக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல. தெருக்கூத்தின் கட்டியங்காரன் மன்னனையே எள்ளி நகையாடும் உரிமை பெற்றவன். அதிகாரத்தைக் கீழிருந்து பார்த்துச் சிரிக்கும் மரபு அது. ஆனால் தமிழ்த் திரைப்படம் வளர்த்தெடுத்த நகைச்சுவையில் கறுத்த உடலும் சேரிப் பேச்சும் ஏழ்மையுமே நெடுங்காலம் கேலிப்பொருள்களாக இருந்தன. 1992இல் 'தேவர் மகன்' படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கியை நினைவுகூர்வோம். 2023இல் அதே வடிவேலுவைத் தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினராக்கி 'மாமன்னன்' படத்தை எடுத்த மாரி செல்வராஜ், அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று பொதுமேடையிலேயே சொன்னார். முப்பதாண்டுகளாக நம்மைச் சிரிக்க வைத்த ஒரு முகத்தை, நாற்காலியில் அமரும் உரிமைக்காக நிற்கும் முகமாக அவர் மாற்றிக் காட்டினார்.

மேடை நகைச்சுவையில் அந்த மாற்றத்தைத் தலித் கலைஞர்களே செய்து வருகின்றனர். தம் நிகழ்ச்சிக்கு 'அன்டச்சபிள்' என்றே பெயரிட்ட மஞ்சீத் சர்க்கார், மராட்டியத்தின் பீட் பகுதியிலிருந்து வந்த அங்குர் டாங்கடே போன்றோர் 'ப்ளூ மெட்டீரியல்' என்ற குழுவாக மேடையேறினர். இட ஒதுக்கீட்டைக் கேலி செய்து கைதட்டு வாங்கிப் பழகிய அரங்குகளில், அக்கேலியைச் செய்பவரின் சாதிப் பெருமிதத்தை இவர்கள் கேலிக்கு உள்ளாக்குகின்றனர்.

இங்கே நம் இயக்கத்துக்கு ஒரு சட்டச் சிக்கல் எழுகிறது. நம்மை இழிவுபடுத்தும் பேச்சைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். நம் கலைஞர் பேசுவதற்குச் சுதந்திரமும் வேண்டும். இவ்விரண்டையும் எப்படி ஒருசேரக் கோருவது?

முதலில் சுதந்திரத்தின் நிலையைப் பார்ப்போம். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் முனாவர் ஃபாரூக்கி கைது செய்யப்பட்டார். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் பிணை மறுத்தது. பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். 2025 மார்ச்சில் குணால் கம்ரா மராட்டிய துணை முதல்வரைப் பகடி செய்தார் என்று மும்பையில் நிகழ்ச்சி பதிவான அரங்கு அடித்து நொறுக்கப்பட்டது. விழுப்புரத்தில் வசிக்கும் அவருக்கு மார்ச் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றமே இடைக்கால முன்பிணை அளித்துப் பாதுகாத்தது. காரைக்காலும் அந்நீதிமன்றத்தின் ஆள்வரைக்குள் வருகிறது என்பதை நெரவி இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அதே மார்ச் 28 அன்று, இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கவிதைக்காகப் பதிவான முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. கவிதை, நாடகம், திரைப்படம் ஆகியவற்றோடு மேடை நகைச்சுவையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவை மனித வாழ்வைப் பொருளுள்ளதாக்குகின்றன என்றது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய பேச்சுக் குற்றச்சாட்டுகளில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவின்படி முதனிலை விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் வழிகாட்டியது.

இனி மறுபக்கம். 2023 பிப்ரவரியில் பெங்களூரு ஜெயின் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு விழாவில் நடத்திய குறுநாடகம் அண்ணல் அம்பேத்கரையும் இட ஒதுக்கீட்டையும் இழித்துப் பேசியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவாகி மாணவர்கள் கைதாயினர். பின்னர் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. இது நமக்குத் தரும் பாடம் என்ன?

அச்சட்டத்தின் 3(1)(r) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினர் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவரை அவமதிப்பது 3(1)(v) பிரிவில் வருகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதனிலை விசாரணை தேவையில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர் தலித் என்று அறிந்திருந்தால் மட்டும் போதாது, இழிவுபடுத்தும் நோக்கம் அவருடைய சாதி அடையாளத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. 'வேடிக்கைக்காகச் செய்தோம்' என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடுவதற்கான இடைவெளி இங்கேதான் திறக்கிறது.

எனவே நம் நிலைப்பாட்டை இரண்டு அளவுகோல்களில் நிறுத்தலாம் என்று கருதுகிறோம். ஒன்று, சிரிப்பின் திசை. அமைச்சரையோ, கட்சியையோ, நம் தலைவர்களின் அரசியல் முடிவுகளையோ பகடி செய்வதற்குக் குற்றவியல் வழக்கு விடையாகாது. இன்று அதை நாம் ஆதரித்தால் நாளை நம் கலைஞரின் கையில் விலங்கு விழும்போது எதிர்க்கும் தகுதியை இழப்போம். பிறப்பைச் சுட்டி ஒருவரைத் தாழ்த்துவது இதிலிருந்து வேறுபட்டது. பதினேழாவது கூறு ஒழித்த தீண்டாமையையே அது வேறு வடிவில் நடத்துகிறது.

இரண்டாவது, பார்வையாளரின் நிலை. கட்டணம் செலுத்தி அரங்குக்குச் சென்றவர் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கல்லூரி ஆண்டுவிழாவில் 'கோட்டா' என்ற சொல்லுக்கு அரங்கமே சிரிக்கும்போது, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மாணவி எங்கே எழுந்து போவார்? மறுநாளும் அதே வகுப்பில், அதே மாணவர்களோடு அவர் அமர வேண்டும். ஆகவே அங்கே முதல் பொறுப்பு நிறுவனத்துடையது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ ஒழுங்குமுறைகள் சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரையும் கோருகின்றன. 2016 திருத்தத்துக்குப் பின் சாதியை முன்வைத்த உடல், மனத் துன்புறுத்தலும் ராகிங் என்ற வரையறைக்குள் வருகிறது.

மாணவர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. காணொளியைத் தேதியோடு மூலக் கருவியிலேயே பாதுகாத்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இன்றி அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். யார், எந்தச் சொல்லை, யார் முன்னிலையில் சொன்னார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். நோக்கத்தை நிறுவுவது இந்த விவரங்களே. முதலில் கல்லூரியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். திட்டமிட்ட இழிவாக இருந்தால் காவல் நிலையத்தை அணுகுங்கள். பதிய மறுத்தால் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுதி, பின் நீதிமன்றம் செல்லலாம்.

இவற்றோடு இன்னொன்றையும் கேட்டுப் பெறுங்கள்: அடுத்த ஆண்டுவிழா மேடையில் உங்களுக்கும் பத்து நிமிடம். ஊரின் தேநீர்க் கடையையும் விடுதி வரிசையையும் சான்றிதழுக்கு அலைந்த அலுவலகத்தையும் பற்றிச் சொல்ல நம்மிடம் போதுமான வேடிக்கைகள் இருக்கின்றன. அவற்றை நாம் சொல்லும்போது அரங்கில் யார் சிரிக்கிறார், யார் நெளிகிறார் என்பதை அந்த நிர்வாகமும் பார்க்கட்டும்.