எண்ணுக்கும் ஸனது வேண்டும்

செவிக்கு இனிப்பதால் ஒரு செய்தியை ஏற்பவரும், கசப்பதால் அதைத் தள்ளுபவரும் ஹதீஸ் கலையின் வாசற்படியைக்கூட மிதித்தவரல்லர். அறிவித்தவர் யார்? எவரிடம் கேட்டார்? நேர்மையாளரா? அதைச் சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா? இவ்வாறு துருவித் துருவி ஆராய்ந்த இமாம்களின் வழிவந்தவர்கள் நாம். ஆயினும் சோவியத் நாட்டின் தொழிற்புரட்சி பற்றிப் பேச்செழுந்தால் மட்டும் அந்த உரைகல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்!

நம்மிடையே ஒரு சாரார், 1928இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம் உழவர் நாட்டை வல்லரசாக்கியது என்று எண்களை அடுக்குகின்றனர். மறுசாரார் பொதுவுடைமைக்கு எதிராக எவர் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கின்றனர். இருவரிடமும் நாம் கேட்பது ஒன்றே: உங்கள் ராவி யார்?

உருக்கு உற்பத்தி 1928இல் 43 லட்சம் டன். 1937இல் 1 கோடியே 77 லட்சம் டன். யூரல் மலையடிவாரத்து மக்னிதகோர்ஸ்க் ஆலை கண்கண்ட சாட்சி. இதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் முதல் திட்டம் நாலேகால் ஆண்டில் நிறைவேறிற்று என முழங்கிய அரசின் உருக்கு இலக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல்; 1932இல் கிடைத்ததோ 59 லட்சம் டன். 1928 முதல் 1985 வரை தேசிய வருமானம் ஏறத்தாழ 90 மடங்கு பெருகியது என்றது அரசுக் கணக்கு. ஏழு மடங்குக்கு மேல் இல்லை என்று 1987இல் மாஸ்கோ இதழொன்றிலேயே எழுதினர் செல்யூனின், ஹானின் என்னும் இருவர். தன்னைத் தானே புகழும் அறிவிப்பாளரின் தரம் இதுதான்.

அந்த அரசு உண்மையான ராவிகளை என்ன செய்தது? மக்கள்தொகை 16 கோடியே 80 லட்சம் என 1934இல் ஸ்டாலின் அறிவித்திருந்தார். 1937 ஜனவரியில் எண்ணியபோது கிடைத்ததோ சுமார் 16 கோடியே 20 லட்சம். வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் தமக்கு இறைநம்பிக்கை உண்டென்றும் அஞ்சாது பதிந்திருந்தனர். கணக்கு மறைக்கப்பட்டது, அதை நடத்திய தலைமை அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். குறைந்த எண்ணின் பின்னே பஞ்சத்தில் மாண்டோர் இருந்தனர். இயந்திரம் வாங்க 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் தானியம் ஏற்றுமதியாயிற்று. உக்ரைன் பட்டினியால் மடிந்தது. நம் சகோதரர்களான கஸாக் மக்களின் மந்தைகள் பறிபோயின. கஸாகஸ்தானில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர் மாண்டனர். இதை ஸ்டாலினுக்கே எழுதி முறையிட்டவர் துரார் ரிஸ்குலோவ். அவர் பகைவரல்லர், கட்சியின் உயர் பதவியில் இருந்தவர். தன் சாராருக்கு எதிராகவே சாட்சி சொன்ன அவர் 1938இல் சுடப்பட்டார். இதனினும் வலுவான சாட்சியம் வேறேது?

இனி மறுசாராருக்கு ஒரு சொல். 1935இல் தாமஸ் வாக்கர் என்பவர் உக்ரைன் பஞ்சப் படங்கள் எனச் சிலவற்றை அமெரிக்காவின் ஹெர்ஸ்ட் பத்திரிகைகளுக்கு அளித்தார். அவற்றுட் பல 1921-22ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எடுத்தவை என்பது அம்பலமாயிற்று. விளைவு யாது? பஞ்சமே பொய் என்று வாதிடுவோர் கைக்கு அந்தப் படங்கள் ஆயுதமாயின! மெய்யான மரணத்துக்குப் பொய்ச்சாட்சி தேடியவர், மாண்டவர்க்கே துரோகம் இழைத்தார். மக்களை நன்மையின்பால் ஈர்க்கிறோம் என்று ஹதீஸ்களைப் புனைந்தோரை, நோக்கம் நல்லதாயிற்றே என்று நம் இமாம்கள் மன்னித்தார்களா? பொய்யர் என்றே பெயர் சொல்லிப் பதிந்தார்கள்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ஆவணக் காப்பகங்கள் திறந்தன. ஊருக்குச் சொன்ன எண்ணையும் உள்ளே எழுதிய எண்ணையும் ஒப்பிடல் இன்று இயலும். உள்ளேட்டிலும், மேலதிகாரிக்கு அஞ்சி ஆலைத் தலைவர் கூட்டி எழுதிய கணக்கு உண்டு. அதையும் சலித்தே எடுக்க வேண்டும். வந்த செய்தியைத் தெளிய விசாரிக்குமாறு சூரா அல்-ஹுஜுராத் நமக்கிட்ட கட்டளை, மாற்றாரின் செய்திக்கு மட்டும் உரியதன்று. நமக்கு உவப்பான செய்திக்கும் உரியது. பிள்ளைகளுக்கு உருக்கின் கணக்கைச் சொல்வோர் கஸாக் புல்வெளியின் கணக்கையும் சொல்லட்டும். இரண்டையும் ஸனதோடு சொல்லட்டும்! நீதியோடு சாட்சி பகர வல்ல நாயன் நமக்கு அருள்வானாக!